என் கணவர் 'ஆமாம்' என்று சொல்வதற்கு முன் ஒரு வழக்கறிஞர் வேண்டி

அனுப்புநர்:
சோ. மாரிச்செல்வி,
க/பெ. சோலைராஜ்,
வடக்குத் தெரு, பசுவந்தனை,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
வட்ட சட்டப்பணிகள் குழு,
நீதிமன்ற வளாகம், கோவில்பட்டி.

பொருள்: கஞ்சா வழக்கில் சிறையிலிருக்கும் என் கணவருக்கு, வரும் 06.11.2025 அன்று நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு படித்துக் காட்டப்படும் முன் இலவச வழக்கறிஞர் நியமிக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் பெட்டி அடைக்கும் வேலை செய்து வருகிறேன். என் கணவர் சோலைராஜ், குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சிறிய சரக்கு வண்டி ஓட்டி வந்தார். கடந்த மாசி மாதம் முதல் சிறையில் இருக்கிறார்.

1. இந்த மனுவை நானே எழுதுகிறேன். தாலுகா அலுவலகத்தின் முன் மனு எழுதுபவரிடம்தான் முதலில் போனேன். அவர் எடுத்த எடுப்பிலேயே 'காவல்துறையினர் பொய் வழக்குப் போட்டுள்ளனர்' என்று எழுதினார். அப்படி எழுதினால்தான் மனு எடுபடும் என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். மூட்டைக்குள் கஞ்சா இருந்தது. அது என் கணவர் வண்டியில்தான் இருந்தது. இரண்டும் உண்மை. அது அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது என்பதும் உண்மை. முதல் வரியிலேயே பொய்யை வைத்தால், இந்த மூன்றாவதை யார் நம்புவார்கள்?

2. எங்கள் கரிசல் பக்கத்தில் அறுவடை முடிந்தால் உளுந்து, கொத்துமல்லி, மிளகாய் வத்தல் மூட்டைகளைத் தைத்து, அடையாளத்துக்கு ஆளுக்கொரு நிறத்தில் துணிக்கிழிசல் கட்டி, ஊருக்குப் பிரியும் விலக்கு ரோட்டில் நிறுத்திவிட்டுப் போவார்கள். வண்டிக்காரர் வழியில் நிற்பதையெல்லாம் ஏற்றிக்கொண்டு வருவார். சொந்தக்காரர் பஸ்ஸில் வந்து, கோவில்பட்டி கமிஷன் கடையில் தன் கிழிசலைப் பார்த்துத் தன் மூட்டையை எடுத்துக்கொள்வார். தைத்த மூட்டையை வழியில் வைத்துப் பிரித்தால் அந்த வண்டிக்காரருக்குத் திருட்டுப் பட்டம்தான் கிடைக்கும். பிறகு ஒருவரும் அவர் வண்டியில் சரக்கு ஏற்றமாட்டார்கள். என் கணவர் ஒரு நாளும் யார் மூட்டையையும் பிரித்ததில்லை. ஊரில் அதைத்தான் அவருடைய யோக்கியதை என்றார்கள். இன்று அதனால்தான் உள்ளே கிடக்கிறார்.

3. அன்று காலையில் ஒருவர் கைப்பேசியில் பேசினார். நானும் கேட்டேன், நான்தான் என் கணவருக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். 'அண்ணாச்சி, விலக்குல ஒரு மல்லி மூட்டை நிக்கு, செவப்புத் துணி கட்டிருக்கேன், ஏத்திருங்க. கடைக்கு நான் பஸ்ல வந்துருதேன்' என்றார். பழக்கமில்லாத குரல். ஆனால் அறுவடைக் காலத்தில் பழக்கமில்லாதவர்களும் கூப்பிடுவது வழக்கம்தான். ஊர் தாண்டுவதற்குள் காவல்துறையினர் வண்டியை நிறுத்திச் சோதித்தார்கள். அந்த ஒரு மூட்டையில் மேலே மல்லியும் அடியில் பொட்டலங்களும் இருந்தன. மற்ற மூட்டைகளுக்கு ஆட்கள் ஓடி வந்து 'என்னோடது, என்னோடது' என்று வாங்கிப் போனார்கள். சிவப்புத் துணி மூட்டைக்கு யார் வருவார்? பேசியவரின் எண் அன்று முதல் அணைந்தே கிடக்கிறது. அந்த எண் யாருடையது என்று நீதிமன்றத்தில் எங்களுக்காக இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

4. இந்த வழக்கு என்ன வழக்கு என்பதே எனக்குப் புரட்டாசியில்தான் தெரிந்தது. கோவில்பட்டியில் ஒரு வழக்கறிஞரிடம் போனேன். அவர் கேட்ட தொகைக்கு வண்டியை விற்கலாம் என்றால் வண்டியும் வழக்கில் இருக்கிறது. ஆனாலும் நல்ல மனிதர், உட்காரவைத்து விளக்கினார். ஒருவர் வசம் பொருள் இருந்தால், அவருக்குத் தெரிந்தே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளுமாம். தெரியாது என்பதை நாம்தான் காட்ட வேண்டுமாம். இருபது கிலோவுக்கு மேல் போனால் அது வியாபாரத்துக்கான அளவாம். அதற்கு ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. குற்றம் உறுதியானால் பத்து வருடத்துக்குக் குறையாத தண்டனை. நான் இரண்டு முறை கேட்டேன், பத்து மாதமா என்று. வருடம்தான் என்றார்.

5. எங்களுக்குக் கிடைத்த குற்றப்பத்திரிகை நகலில் எடை இருபத்தொரு கிலோ என்று இருக்கிறது. சாக்கும் மல்லியும் அதில் சேர்த்தியா, கழித்ததா என்று ஒரு சொல்கூட இல்லை. கமிஷன் கடையில் உளுந்து நிறுத்தாலும் சாக்குக்குக் கழிப்பார்கள். இதைக் கேட்பது சரியா, தவறா, கேட்டால் பலன் உண்டா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தெரிந்த ஒருவர் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

6. இலவச வழக்கறிஞர் வேண்டுமா என்று ரிமாண்டின்போதே கேட்டிருக்கிறார்கள். என் கணவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, 'நம்மகிட்ட துட்டு வாங்காத வக்கீலு, துட்டு குடுக்கிற கவர்மெண்டுக்குத்தான் பேசுவாரு. எனக்குத் தெரியாதா?' என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது அய்யா. தெரியாமல் சொன்ன அந்த 'வேண்டாம்' என்ற சொல்லைத் தயவுசெய்து அவருடைய முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

7. கமிஷன் கடை ராஜமணி அண்ணாச்சிக்கு என் கணவர் எத்தனையோ அறுவடை சரக்குக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். மூட்டை ஏற்றும் முறை இதுதான் என்று கோர்ட்டில் வந்து ஒரு வார்த்தை சொல்லக் கேட்டேன். 'வழக்கு கிழக்குன்னு என்னைய இழுக்காத தாயி, நான் பிள்ளகுட்டிக்காரன்' என்றார். நானும் பிள்ளைக்காரிதான். இப்போது தெருவில் எங்கள் வீட்டுக்குக் 'கஞ்சாக்காரன் வீடு' என்று பெயர். என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளோடு யாரும் உட்காருவதில்லை.

8. இனி எழுதப்போவதற்காகத்தான் இந்த மனுவே. எங்கள் பக்கத்தில் கோர்ட் என்றால் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஆமாம் என்று ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு போகும். என் மாமனார் வன்னியபெருமாள் சேவல்கட்டு வழக்கில் அப்படித்தான் வந்தார். என் கணவரும் முன்பு வத்தல் பறிக்கிற ஆட்களைச் சரக்கு வண்டியில் ஏற்றிய வழக்கில் ஆமாம் என்று சொல்லிவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீடு வந்து சேர்ந்தார். இப்போதும் என் மாமனார் சிறைக்குப் போய், 'ஏலே, இல்லேன்னு சொன்னாத்தான் இழுத்தடிப்பாவ. பேசாம ஒத்துக்கிட்டு வந்துரு' என்று சொல்லி வைத்திருக்கிறார். மகன் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். நான் விவரம் சொன்னதற்கு, வக்கீல்கள் காசு பிடுங்க அப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்கிறார்.

9. சென்ற வாரம் நான் என் கணவரைப் பார்க்க மதுரைச் சிறைக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரித்த முகமாக வந்தார். சிறைக்குப் போனபின் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. 'ஆறாம் தேதி ஆமான்னு சொல்லிருதேன். சாயங்காலமே விட்டுருவாவ. அங்கன மழை பெஞ்சிட்டுல்லா? உளுந்து விதைக்க டிராக்டருக்குச் சொல்லி வையி, நான் வந்து நிக்கேன்' என்றார். பத்து வருடம் என்று சொல்லத்தான் நான் மூன்று பஸ் மாறிப் போனேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்ல? சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

10. ஆகவே அய்யா அவர்கள் கருணைகூர்ந்து, வரும் ஆறாம் தேதிக்கு முன் என் கணவரைச் சிறையில் நேரில் சந்திக்க ஒரு வழக்கறிஞரை அனுப்பிவைக்க வேண்டுகிறேன். மதுரை சிறப்பு நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு என்பதால் இந்த மனு தங்கள் அதிகாரத்துக்கு வெளியே என்றால், உரிய இடத்துக்கு இன்றே அனுப்பி உதவ வேண்டுகிறேன். வருகிற வழக்கறிஞர் வழக்கைப் பற்றிக் கேட்கும் முன், பத்து வருடம் என்பதை முதலில் என் கணவருக்குச் சொல்ல வேண்டும். மனைவி சொல்ல வேண்டியதை வேறொருவரைச் சொல்லச் சொல்வது முறையல்ல என்று தெரியும். என்னால் முடியவில்லை.

வழக்கறிஞர் செல்லும் நாளை மட்டும் எனக்கு முன்கூட்டியே தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அன்று என்னை உள்ளே விடமாட்டார்கள். பத்து வருடம் என்பதைக் கேட்டுவிட்டு என் கணவர் உட்காரும் நேரத்தில், நான் சிறை வாசலிலாவது நின்றுகொண்டிருக்க வேண்டும்.

இடம்: கோவில்பட்டி
நாள்: 27.10.2025

இங்ஙனம், தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
சோ. மாரிச்செல்வி