அப்பா சுகம் என்ற தந்தி

வெண்ணந்தூர்,
யுவ வருஷம் மாசி மாதம் 5-ம் தேதி

அன்புள்ள கந்தவேல் அண்ணாவுக்கு மயிலம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இங்கு அப்பா உட்பட அனைவரும் சுகம். அப்பா உட்பட என்பதை முதலிலேயே எழுதிவிடச் சொன்னாள். சீமைக் குளிரில் நீங்களும் சுகமாக இருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறோம்.

மணியன் மாமா அனுப்பிய தந்தியைப் பார்த்து நீங்கள் திகைத்துப் போயிருப்பீர்கள். நடந்தது இதுதான். பொங்கல் கழிந்து, கடலைக்காய் பறித்துக்கொண்டிருந்தபோது உங்கள் போட்டோ மட்டும் தனி உறையில் வந்தது. கூடவே கடிதம் இல்லை. அம்மா ஆசையாகப் பிரித்தாள், பிரித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். படத்தில் உங்களுக்கு மீசை இல்லை. தலையும் ஒட்ட வெட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக் குப்பாயி அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, அடி அங்காளா, அப்பன் உசுரோட இருக்கையில இவன் எதுக்கு மீசைய எடுத்தான், எவனாச்சும் பொய்ச் சேதி சொல்லிப்போட்டானா என்று அம்மாவைக் கேட்டாள். அதோடு அம்மாவுக்கு நிச்சயமாகிவிட்டது. அப்பாவுக்குக் காய்ச்சல் கடுமை என்று மார்கழி பிறந்ததும் நான் எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்து நீங்கள் வேறு விதமாக நினைத்துக்கொண்டு, அங்கே தனியாக எல்லாச் சடங்கும் செய்துவிட்டீர்கள் என்று அழுதாள். அடியே, நீ என்னத்தடி எழுதித் தொலைச்சே என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். நாலாம் வகுப்போடு நின்றவள் நான், எந்த வார்த்தையை எப்படி எழுதினேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்பன் செத்துப்போச்சுன்னு எம்பையன் அங்க ஒத்தையில அழுதுக்கிட்டு இருப்பானே, தேத்த ஆள் இல்லையே என்பதுதான் அம்மாவின் ஒரே பேச்சு. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மாமா சைக்கிளில் ராசிபுரம் போய்த் தந்தி கொடுத்தார். தந்தி ஆபீஸ்காரர், ஏனுங்க, உசுரோட இருக்கறதுக்கெல்லாமா தந்தி அடிப்பாங்க என்று சிரித்தாராம்.

அடுத்த தபாலில்தான் உங்கள் கடிதம் வந்தது. கல்லூரியில் கூடப் படிக்கும் பையன்கள் ஒருவரும் மீசை வைப்பதில்லை, என்னைப் பட்டாளத்துக்காரன் என்று கேலி செய்தார்கள், அதனால் எடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்ததை நான் படிக்கப் படிக்க அம்மா சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு உங்களைத் திட்டினாள். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, பேச ஆளில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதிய இடத்தை மட்டும் திரும்பவும் படிக்கச் சொன்னாள்.

இவ்வளவு நடந்தும் படத்தை அப்பாவிடம் காட்டவில்லை. காய்ச்சலில் கிடப்பவர் மகனை அந்தக் கோலத்தில் பார்க்கக் கூடாது என்று அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டாள். போன வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டதும் அப்பா என்னைக் கூப்பிட்டு, எல்லாம் காதுல உழுந்துதான் கிடக்குது, படத்தக் கொண்டா சாமி என்றார். அம்மா வேண்டாம் வேண்டாம் என்றாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். சேலத்துல ஐஸ்கூல்ல கொண்டுபோய் உட்டப்ப இந்த மூஞ்சிதான், அப்ப மீசை அரும்பக்கூட இல்லை என்றார். அன்னைக்கு வண்டியத் திருப்புன நான் திரும்பியே பாக்கல, பாத்தா அவன் அழுவான், நானும் அழுவேன், இப்பப் பாத்துக்கறேன் என்றார். அம்மா அவருக்குக் கஞ்சி எடுத்துவரப் போனாள். அண்ணா, அப்போது நான் சின்னப் பெண், உங்கள் அந்த முகம் எனக்கு ஞாபகமே இல்லை. இப்போதுதான் நானும் பார்த்தேன்.

மீசை இல்லாமலே இருக்கட்டும் என்கிறார் அப்பா. படிப்பு முடிந்து கப்பல் ஏறும் அன்றைக்கே வளர்க்கத் தொடங்கினால் ஊர் வருவதற்குள் வளர்ந்துவிடும் என்கிறாள் அம்மா. வெந்நீரிலேயே குளிக்க வேண்டும், கம்பளிச் சட்டையைக் கழற்றவே கூடாது, இருட்டிய பிறகு யாரோடாவது உட்கார்ந்து பேச வேண்டும், பாஷை வராவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்கிறாள். செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. இனிமேல் போட்டோ அனுப்பினால் கடிதத்தோடு சேர்த்தே அனுப்புங்கள், மறந்துவிடாதீர்கள்.

நோய்நொடி இல்லாமல் படித்து முடித்து நல்லபடியாகத் திரும்பி வர அம்மாவின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கை மயிலம்மாள்

கீழே கோணல்மாணலாக இருப்பது என் கையெழுத்து இல்லை. பேனாவைப் பிடுங்கி அப்பாவே போட்டது. இனி தந்தி வேண்டியதில்லை என்கிறார்.

செங்கோடன்