ஐந்தாவது ஆட்சேபணை

அன்பு மகள் ஹேலிக்கு,

அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நீ நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் மட்டும் படியேறும்போது மக்கர் பண்ணுகிறது, டாக்டரிடம் போங்கள் என்றால் கராஜுக்குள் போய்விடுகிறார். கிரிம்ஸ்பியில் ஜூன் பிறந்தும் கம்பளிச் சட்டையைக் கழற்ற முடியவில்லை, உங்கள் வெலிங்டனில் இப்போது குளிர்காலமே வந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். அந்த ஆறு நிமிஷத்தில் மழையும் பூனையும் போக வேறு எதைப் பேசுகிறோம் சொல். அப்பா பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நீ பேசி முடிக்கும் வரைக்கும் ஒரு பக்கம்கூடத் திருப்ப மாட்டார். புருஷன் கிரெய்கோடு இனி வாழ முடியாது என்று நீ பெட்டியோடு வந்து நின்றதும், அவன் அப்பாவோடு முப்பது வருஷம் ஒரே மீன் கிடங்கில் வேலை பார்த்த உன் அப்பா வார்த்தையை விட்டதும், நீ கண்காணாத தேசத்துக்குப் போனதும் நடந்து நான்கு வருஷம் ஆகிவிட்டது. இந்த நான்கு வருஷத்தில் நீ ஒரு தடவைகூட வரவில்லை, நானும் வா என்று ஒரு தடவைகூட வாய்விட்டுக் கேட்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன், ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் பரீட்சையிலிருந்து ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்.

நேற்று காலை, பள்ளிப் பிள்ளைகள் எழுதும் அந்த ஆங்கிலப் பரீட்சையை எழுதிவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை. ஒன்பதுக்கு நாலு வாங்கினால் தேர்ச்சி, நான் இரண்டு தடவையும் மூன்றில் நின்றுவிட்டேன். நாலு வந்தால்தான் நர்ஸ் உதவியாளர் பயிற்சியில் எனக்கு வைத்திருக்கும் இடம் நிலைக்கும் என்று நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்து மேலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படிப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, வாசித்துக் கேள்விக்குப் பதில் எழுதுவேன். படிக்கிறவர் மனதை மாற்றும்படி எழுது என்கிற கேள்வியில்தான் தலைகால் புரியாமல் போய்விடுகிறது. கடற்கரையில் நாய்களை விடலாமா கூடாதா என்று ஒரு விஷயம் கொடுப்பார்கள், அதையே நகர மன்றத்துக்குக் கடிதமாக எழுது, பள்ளிப் பிள்ளைகள் முன்னால் பேச்சாக எழுது, பத்திரிகைக்குக் கட்டுரையாக எழுது, துண்டுப் பிரசுரமாக எழுது என்பார்கள். விஷயம் ஒன்றுதானே, நாயும் அதே நாய்தானே, நான்கு விதமாக எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். எங்கள் ஆசிரியை மிஸ் பிரிட்சர்டுக்கு உன்னைவிட வயது குறைவு, பொறுமை ரொம்ப அதிகம். கேட்கிற ஆள் மாறினால் பேச்சு மாற வேண்டாமா என்றாள். எனக்கு மாறவில்லை. பிள்ளைகளுக்கான பேச்சை மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்தேன், நகர மன்றத் தலைவருக்கு எழுதியதைக் காற்று அடிக்கிறது, தலையை மூடிக்கொள்ளுங்கள் என்று முடித்தேன். என் பக்கத்தில் உட்காரும் டாரன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், அதைப் படித்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான்.

இதைவிடப் பெரிய குழப்பம், பொய் சொன்னால் மதிப்பெண் உண்டாம். புள்ளிவிவரம் வேண்டும், நிபுணர் ஒருவர் சொன்னது வேண்டும், இரண்டையும் நாமே உண்டாக்கிக்கொள்ளலாமாம். நான் பேந்தப் பேந்த விழித்ததைப் பார்த்து மிஸ் பிரிட்சர்ட், "எண்பத்தேழு சதவீதம்னு ஒண்ணு போடுங்க ஜானிஸ், யாரும் போன் பண்ணி விசாரிக்க மாட்டாங்க" என்றாள். டாரன் ஒரு மீனின் பெயரை வைத்துப் பேராசிரியர் ஒருவரையே படைத்துவிட்டான், எல்லாத் தலைப்பிலும் அவரே வந்து கருத்துச் சொல்லிவிட்டுப் போவார். எனக்குக் கை ஓடவில்லை. இருபத்திரண்டு வருஷமாக நான் எழுதியதெல்லாம் முதியோர் இல்லத்தில் ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வருகிறவர்களுக்கு எழுதி வைக்கும் குறிப்புகள்தான். அதில் கண்டதை எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது. திருமதி ஸ்டோவல் மதியம் சூப்பில் பாதி குடித்தார், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார் என்று எழுதலாம். வருத்தமாக இருக்கிறார் என்று எழுதினால் மேலாளர் கூப்பிட்டு உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார். அங்கே ஒரு வார்த்தை கூடினால் திட்டு, இங்கே கூட்டாவிட்டால் தோல்வி, நான் எந்தப் பக்கம் போவது நீயே சொல்.

நேற்று அப்பாதான் காரில் கொண்டுபோய் விட்டார். பேனாக்களை உள்ளே இருப்பது தெரிகிற பையில் போடச் சொல்லி, தண்ணீர் பாட்டிலின் லேபிளைக்கூட உரித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள், அதில் குறிப்பு எழுதிக் கொண்டுவந்துவிடுவோமாம். தாளைத் திருப்பினேன். வெளிநாட்டில் குடியேறிவிட்ட உறவினர் ஒருவரை ஊருக்கு வந்து போகும்படி இணங்க வைக்கும் கடிதம் எழுதுக என்று இருந்தது. ஹேலி, சுற்றிலும் நாற்பது பேர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள், நான் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பெயினில் ஒரு சித்தப்பாவை உண்டாக்கியிருக்கலாம், டாரன் அதைத்தான் செய்தானாம், தொண்ணூற்றிரண்டு சதவீத சித்தப்பாக்கள் ஊருக்கு வந்த பிறகு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று எழுதினானாம். எனக்கு உன்னைத் தவிர யாரும் தோன்றவில்லை. படிக்கிறவர் யார், அவருக்கு என்ன வேண்டும், எதற்குத் தயங்குவார் என்று முதலில் திட்டம் போடச் சொல்லியிருந்தாள் மிஸ் பிரிட்சர்ட். படிக்கிறவர் என்று எழுதி உன் பெயரைப் போட்டேன். அவருக்கு என்ன வேண்டும் என்ற இடத்தில் எழுத எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீ காலையில் என்ன சாப்பிடுகிறாய் என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, நீ வராமல் இருப்பதற்கு என்னென்ன ஆட்சேபணை சொல்வாய் என்று வரிசையாக எழுதினேன், ஒவ்வொன்றையும் எழுதி அதற்குப் பதில் சொன்னால் நல்ல மதிப்பெண்ணாம். டிக்கெட் விலை, அதற்குப் பாதி நான் போடுகிறேன் என்று எழுதினேன். லீவு கிடைக்காது, கிறிஸ்துமஸுக்குக் கிடைக்குமே என்றேன். கிரெய்க் எதிரில் வந்துவிட்டால், அவன் லிங்கன் ஊர்ப் பக்கம் குடிபோய் ஒரு வருஷமாகிறது என்றேன். நாலாவதாக அப்பா. அவர் மன்னிப்புக் கேட்கவில்லைதான், கேட்கத் தெரியாத மனுஷர், ஆனால் நீ போனில் பேசும்போது பக்கத்தைத் திருப்புவதில்லை என்று கண்டதைக் கண்டபடி எழுதினேன். ஐந்தாவதாக என் பெயரை எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

பத்து நிமிஷம்தான் பாக்கி என்று கண்காணிப்பாளர் சொன்னார். அப்புறம் என் கை அதுவாகவே இல்லத்துக் குறிப்பு மாதிரி எழுத ஆரம்பித்துவிட்டது. மதியம் பன்னிரண்டரை மணி. மகள் பெட்டியோடு சமையலறை வாசலில் நின்றாள். புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போ, இந்த வீட்டில் உனக்கு இடம் கிடையாது என்றார் தகப்பனார். மகள் அவரைப் பார்க்கவில்லை, தாயைப் பார்த்தாள். தாய் கெட்டிலைப் போட்டுவிட்டு, யாருக்காவது டீ வேண்டுமா என்று கேட்டாள். இவ்வளவுதான் எழுதினேன். கடைசியில் இந்த ஆட்சேபணைக்கு என்னிடம் பதில் இல்லை, மற்றபடி உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஒரு சதவீதம் இல்லை, ஒரு பேராசிரியர் இல்லை. வரச் சொல்லி எழுத வேண்டிய இடத்தில் நீ ஏன் வர வேண்டாம் என்று நானே உனக்காக வாதாடிவிட்டு வந்திருக்கிறேன். அது தேறுமா தேறாதா, அதைக் கடிதம் என்பார்களா வாக்குமூலம் என்பார்களா, ஆகஸ்டில் முடிவு வரும்வரைக்கும் மிஸ் பிரிட்சர்டுக்கே தெரியாதாம்.

வெளியே அப்பா ஃப்ளாஸ்க்கோடு காரில் காத்திருந்தார். யாருக்கு எழுதச் சொன்னார்கள் என்று கேட்டார், உனக்குத்தான் எழுதினேன் என்று சொன்னேன். கொஞ்ச தூரம் போன பிறகு, "அதுல நான் வர்றேனா?" என்றார். "வர்றீங்க, நாலாவதா" என்றேன். அஞ்சாவது யார் என்று கேட்டதற்கு, நான் என்று சொன்னேன். அவர் ரவுண்டானாவில் நம் தெருவுக்குத் திரும்பாமல் இரண்டு தடவை சுற்றினார். வீட்டுக்கு வந்ததும் கராஜுக்குள் போய்விட்டார். அது துக்கமா, முழங்கால் வலியா, சாப்பாடு வரைக்கும் பொழுதைப் போக்கியதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் நேற்று விளங்கியது, அதுவும் பரீட்சை மண்டபத்தை விட்டு வந்த பிறகு. உன்னிடம் நான்கு வருஷம் முன்பே சொல்லியிருக்க வேண்டியதை முகம் தெரியாத ஒரு தேர்வாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அப்பா கத்தியது உனக்குப் புதிது இல்லை, சின்ன வயதிலிருந்தே அவர் கத்துவார், நீ கதவைச் சாத்திக்கொள்வாய், மறுநாள் சரியாகிவிடும். நீ ஊரை விட்டுப் போனது அவர் கத்தியதால் இல்லை. நீ என்னைப் பார்த்தாய், நான் கோப்பைகளை எடுத்து வைத்தேன், அதனால் போனாய். உன் அப்பாவைப் பார்த்து என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். "இவ எம் பொண்ணு, ட்ரெவர். அவ இங்கதான் இருப்பா." தொண்டை வரைக்கும் வந்தது, நான் விழுங்கிவிட்டேன். மன்னித்துக்கொள் என்று கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

பரீட்சையில் வா என்று எழுத வேண்டியிருந்தது, இதில் எழுதவில்லை. அதற்கு மதிப்பெண் போட ஆள் இருக்கிறது, இதற்கு நீ ஒருத்திதான். வந்தாலும் வராவிட்டாலும் நீ குறையில்லாமல் இருக்க வேண்டும், உன் மனதுக்குப் பிடித்தவர்கள் உன்னைச் சுற்றி இருக்க வேண்டும், கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். காலையில் என்ன சாப்பிடுகிறாய் என்று மட்டும் மறக்காமல் சொல். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அப்பா வழக்கம்போல் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். அவர் இருக்கிறாரே என்று பார்க்காதே, என்னிடம் எதைக் கேட்க வேண்டுமோ கேள். நான் அவர் எதிரிலேயே பதில் சொல்வேன்.

உன் அம்மா,
ஜானிஸ்