நூறு நாள் பச்சைத் தீனி

விஸ்கான்சின்,
ஏப்ரல் 9

அன்பு மகள் பெரிட்டுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நான் இரண்டு காலோடும் சுகமாக இருக்கிறேன், அலாஸ்காவில் நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொள்ள வருவதாகவும், ராஜினாமாவை எழுதி மேஜையில் வைத்திருப்பதாகவும், மாதக் கடைசியில் கொடுக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். அதைக் கொடுக்கும் முன் இந்தக் கடிதத்தை முழுக்கப் படி. சர்ச் சமையலறையில் என்னோடு நிற்கும் பெர்னிஸ் உனக்கு எழுதிப் போட்டது எனக்குத் தெரியும், அவளே வந்து ஒத்துக்கொண்டாள், நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. நான் சர்ச்சில் விழுந்ததும் உண்மை, குதிகாலில் புண் வந்ததும் உண்மை. உன்னிடம் மறைத்தது என் தப்புதான். ஆனால் அவள் பாதியைத்தான் எழுதியிருக்கிறாள், மீதியை நான் சொல்கிறேன்.

போன இலையுதிர் காலத்தில் இடது குதிகாலில் ஒரு பட்டாணி அளவுக்குப் புண் வந்தது. உன் அப்பாவுக்கு ஆரம்பித்த அதே இடம். அந்தப் புண் கடைசியில் அவர் காலையே கொண்டுபோனதை நீயும் பார்த்தாய். எனக்கும் சர்க்கரை ஏறிக் கிடந்தது, குனிந்து என் ஷூ கயிற்றை நானே கட்ட முடியாது, வயிறு இடிக்கும். புத்தாண்டு முடிந்த கையோடு லவோன் கலிபோர்னியாவில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு வேறு ஆளாகத் திரும்பி வந்தாள். சர்ச் சமையலறையில் முப்பது வருஷம் என் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்குக்கு மேல் சீஸ் கொட்டியவள், இனி அடுப்பில் ஏறியது எதுவும் வேண்டாம், மாட்டிலிருந்தோ கோழியிலிருந்தோ வந்தது எதுவும் வேண்டாம், நூறு நாள் பெர்னிஸையும் சேர்த்துக்கொண்டு மூன்று பேரும் பச்சையாகவே தின்போம் என்றாள். தேன் கூட ஆகாதாம், அது பூச்சியின் உழைப்பாம். என் புண்ணைப் பார்த்துவிட்டு, "இத வச்சுக்கிட்டு நீ வேற என்னடி யோசிக்கப் போற" என்று கேட்டாள். அன்று மத்தியானமே என் ஃப்ரீசரைத் திறந்து பதினோரு பாக்கெட் வெண்ணெயை எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டாள். அதற்காக அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பெரிட், அந்தத் தீனியைப் பற்றி என்ன சொல்வது. ஜனவரி மாதம், வெளியே மூச்சு விட்டால் உறைந்து போகிற குளிர், நான் உள்ளே உட்கார்ந்து பச்சைக் கீரையை ஆடு மாதிரி மென்றுகொண்டிருக்கிறேன். காலையில் கேல் கீரையையும் செலரித் தண்டையும் அடித்து ஒரு தம்ளர், குளத்துப் பாசியை வடிகட்டினால் அப்படித்தான் இருக்கும். சுக்கினிக் காயை நூல் நூலாகச் சீவி அதற்கு நூடுல்ஸ் என்று பெயர். ஆளிவிதையை அரைத்து உலர்த்தும் பெட்டியில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்து எடுத்தால் அது பிஸ்கட்டாம், வாயில் போட்டால் வழவழவென்று மூக்குச்சளி மாதிரி ஆகிறது. பெர்னிஸ் வீட்டு ஜாடியில் முளைகட்டிய பயறு கெட்டுப்போய் பூனை மயிர் மாதிரிப் பூஞ்சை பிடித்துவிட்டது, அதைக் கழுவினால் சரியாகிவிடும் என்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலே, ஊறவைத்த முந்திரியை அரைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து இரண்டு நாள் புளிக்கவிட்டு, அதை என் முன்னால் வைத்து சீஸ் என்கிறாள் லவோன். இந்த ஊரில், சீஸ் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் நின்ற உன் அப்பாவின் வீட்டில், அவர் மேஜையில். தின்றேன். அன்று என்னைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஆனாலும் அந்த இரண்டு பேரும் என்னை விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பனி நாட்களில் காலை ஆறு மணிக்கு வந்து கதவைத் தட்டி பள்ளிக்கூடத்து மூடிய வராண்டாவுக்கு இழுத்துப் போய் நடக்க வைத்தார்கள். யாரும் திருட்டுத்தனமாகத் தின்னக் கூடாது என்று மத்தியானம் மூன்று பேரும் சேர்ந்துதான் சாப்பாடு, ஒரு நாள் ஒருத்தி வீடு. பெர்னிஸுக்கும் அது பிடிக்காது, அழுதுகொண்டேதான் மெல்வாள், "நீ ஒரு வாய் முழுங்கு, நான் ஒரு வாய் முழுங்குறேன்" என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

இப்போது விழுந்த கதைக்கு வருகிறேன். தப்பு என்னுடையதுதான். நம் ஊர்க்காரர்களைத்தான் உனக்குத் தெரியுமே, கழுத்து அறுபட்டுக் கிடந்தாலும் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பரவாயில்லை என்போம். சாப்பாட்டை அடியோடு மாற்றியதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. அவருக்கு ஆயிரம் வேலை, அந்த மனிதனை எதற்குத் தொந்தரவு செய்வது என்று இருந்துவிட்டேன். அவர் ஃபோனில் கேட்டபோதும் "குறை ஒண்ணும் இல்லைங்க" என்றேன். பழைய அளவிலேயே இன்சுலின் ஊசியும் போட்டுக்கொண்டு வயிற்றில் கீரையைத் தவிர ஒன்றும் இல்லாமல் திரிந்தேன். நாற்பத்தோராம் நாள் கிழவர் ஹார்லனின் அடக்கம். சாவுச் சாப்பாட்டுப் பொறுப்பு வழக்கம்போல எங்களுக்குத்தான். சர்ச் சமையலறையில் இருநூறு பேருக்குப் பன்றித்தொடை ஹாம் வெட்டிக்கொண்டிருந்தேன், வேர்த்துக் கொட்டியது, ஒரு பாஸ்டர் இரண்டு பாஸ்டராகத் தெரிந்தார். துக்க வீட்டுக்காரர்கள் பார்த்துச் சங்கடப்படக் கூடாதே என்று சமையல் மேடைக்குப் பின்னால் சத்தமில்லாமல் தரையில் சரிந்து உட்கார்ந்தேன். லவோன் பார்த்துவிட்டாள். ஓடிவந்து பக்கத்தில் இருந்த கேக்கின் மேல் பூச்சை மூன்று விரலால் வழித்து, வெண்ணெயும் சர்க்கரையுமாக, ஹாம் நாற்றம் அடிக்கும் அந்தக் கையாலேயே என் வாயில் திணித்தாள். "நாப்பத்தோரு நாள் வீணாப் போகுமேடி" என்று நான் முனகினேன். "நாளும் மண்ணாங்கட்டியும். முழுங்கு. நீ செத்துப்போனா நான் யாரோட உக்காந்து இந்தக் கருமத்தத் திங்குறது" என்று கத்தினாள், அவள் முகமெல்லாம் கண்ணீர். அந்த நேரம் காபி கேட்டு உள்ளே வந்த ஹார்லனின் மனைவி, "தட்டு இருக்கேம்மா, எடுத்து வச்சே சாப்பிடலாமே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டாக்டர் திட்டினார். "சாப்பாட்ட மாத்துனா மொதல்ல எங்கிட்டல்ல சொல்லணும், பழைய அளவுல ஊசி போட்டா சர்க்கரை எறங்கி கீழதான் விழுவீங்க" என்று சொல்லி ஊசியைப் பாதியாகக் குறைத்தார், இல்லாத சத்துக்கு மாத்திரையும் கொடுத்தார், வாரா வாரம் ரத்தம் பார்க்கிறார். இப்போது நான் தனியாகப் போவதில்லை, அந்த இரண்டு பேரும் கூடவே உள்ளே வந்து உட்கார்ந்து அவர் என்னைக் கேட்பதற்கெல்லாம் அவர்களே பதில் சொல்கிறார்கள். இருபத்தாறு பவுண்டு இறங்கியிருக்கிறேன். ஊசி இன்னும் கொஞ்சம் குறையலாம் என்கிறார். குதிகால் மூடிவிட்டது, இன்னும் ஒரு மாதம் கவனமாக இருக்கச் சொல்லியிருக்கிறார். ஷூ கயிற்றை நானே கட்டுகிறேன். நேற்றோடு தொண்ணூற்றைந்து நாள், வாய்க்கு ருசியாக ஒரு நாள் கூடத் தின்னவில்லை. நூறு முடிந்த பிறகும் முக்கால்வாசி இப்படியே தின்பது என்று முடிவு செய்திருக்கிறோம், நினைத்தாலே குமட்டுகிறது.

இவ்வளவு அருவருப்போடு ஏன் தின்கிறாய் என்று நீ கேட்பாய். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அப்பா காலுக்கு இரண்டு குளிர்காலம் நான்தான் துணி மாற்றினேன், நீ அப்போது கல்லூரியில் இருந்தாய், அம்மா தெய்வம் மாதிரிப் பார்த்துக்கொண்டாள் என்று ஊரெல்லாம் பேசியது. பெரிட், எனக்கு அந்தக் கால் அருவருப்பாக இருந்தது. அந்த வாசனைக்கு நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், பல்லைக் கடித்துக்கொள்வேன். ஒரு நாள் அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து துணி மாற்றும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், சாகும்வரை அப்படித்தான். நான் அவரை எவ்வளவு நேசித்தேன் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் முகம் அப்படித்தான் போனது. நீ நல்ல பிள்ளை, என்னை அன்பாகத்தான் பார்த்துக்கொள்வாய். ஆனால் என்றாவது ஒரு நாள் உன் முகமும் அப்படிப் போகும், நானும் அதைப் பார்த்துவிடுவேன். அதற்குப் பயந்துதான் இந்தப் புல்லை மென்றுகொண்டிருக்கிறேன்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக, உன் கையிலிருக்கும் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக. உள்ளே கம்பளி போடாமல் வெளியே போகாதே. அந்த ராஜினாமாவைக் கிழித்துப் போடு. ஜூன் மாதம் லீவு எடுத்துக்கொண்டு வா, பத்து நாள் இரு, திரும்பிப் போ.

உன் முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கும்
அம்மா மார்லிஸ்