பீபி ஷெம்ஸாவுக்குக் கொடுத்த நோட்டு

சான்சிபார், மிசென்சனி
வெள்ளிக்கிழமை

ரய்யாவின் வாப்பாவும் என் கணவருமான ஹெமெதுக்கு,

ஸலாம். நானும் ரய்யாவும் நலம். மழை விட்டதும் உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது. நாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். நீங்கள் அனுப்பிய தையல் இயந்திரம் குதிரை மாதிரி ஓடுகிறது. பெருநாள் நெருங்குவதால் வீடு முழுக்கத் துணிதான். நேற்று ரய்யா யாரோ ஒருத்தியின் கவுனைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டாள். எங்கள் மாடிக்குத் தண்ணீர் ஏறாதது பழைய கதை, அதை விடுங்கள்.

இதைத் தபாலில் போடவில்லை. கீழ்வீட்டு நாஸர் மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறார். உங்கள் கையில்தான் கொடுக்கவேண்டும், வேறு யார் கதவைத் திறந்தாலும் கொடுக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். இங்கே நடந்த ஒரு கல்யாணத்தின் கேஸட்டும் எப்படியும் அங்கே வந்து சேரும். அதில் ஓரிடத்தில் பெரிய கூச்சல் கேட்கும். ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அரிசிக்கடைக்காரர் மகளின் கல்யாணம் அது. பெண்களுக்கான தாராப் பாட்டுக் கச்சேரிக்குப் பீபி ஷெம்ஸாவையும் அவர் குழுவையும் அழைத்திருந்தார்கள். எனக்குப் பீபி ஷெம்ஸா என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நீங்கள் பெண்பார்க்க ஆள் அனுப்பிய நாளில்கூட நான் அவர்களுடைய ஒத்திகை வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தவள்தானே! கேஸட் நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவேன், சோறு தீய்ந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டேன். இத்தனை வருஷத்தில் அவரை அருகில் பார்த்ததே இல்லை. அழைப்பு வந்ததும் பச்சைக் கவுனைத் தைத்தேன், பிரித்தேன், மறுபடி தைத்தேன். உங்கள் அம்மா, "கல்யாணம் அந்தப் பொண்ணுக்கா, உனக்கா?" என்று கேட்டார். எனக்குத்தான் மாமி என்றேன்.

சாயங்கால அஸர் தொழுது முடித்துப் போனேன். முற்றத்தில் பாய் விரித்து, பந்தல் போட்டு, கானூன், வயலின், அக்கார்டியன் எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். முன்வரிசையில் யார் தெரியுமா? ரிஸிகி. சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் அதே ரிஸிகி. அவள் தங்கை வாஹிதா மஸ்கட்டில் இருப்பது உங்களுக்குத் தெரியும். வாஹிதாவையும் உங்களையும் சேர்த்து இந்த ஊர் என்ன பேசுகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தண்ணீர்க் குழாயடியில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது. போன பெருநாளுக்கும் நீங்கள் வரவில்லை, அதற்கு முந்தைய பெருநாளுக்கும் வரவில்லை. இதுவரை உங்களிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ரிஸிகியிடமும் கேட்டதில்லை. நாங்கள் ஒருத்திக்கொருத்தி ஸலாம் சொல்லிக்கொண்டு நன்றாகவே நடித்துக்கொண்டிருந்தோம்.

பெண்கள் கச்சேரியில் என்ன நடக்கும் என்று ஆண்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பாட்டுக்கு நடுவில் ஒருத்தி எழுந்து, பணநோட்டைத் தலைக்குமேல் பிடித்தபடி, இடுப்பை மெல்ல அசைத்து நடந்துபோய்ப் பாடகியின் கையில் வைப்பாள். ஆனால் எந்த வரிக்கு எழுந்தாள் என்பதுதான் விஷயம். வரியில் இருக்கும் குத்தல் யாருக்குப் பொருந்துகிறதோ, அவளுக்கு நேராகக் குத்தியதாகக் கணக்கு. ஒரு வார்த்தை பேசவேண்டாம். ஊரே திரும்பிப் பார்க்கும்.

பீபி ஷெம்ஸா பாட வந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளம். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார் பாருங்கள், எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. பாடியது அந்த மீன் பாட்டு.

"உன் சட்டியில் வேகும் மீன்
யார் வலையில் விழுந்தது, சொல்லடி."

அந்தச் 'சொல்லடி'யில் குரல் படியேறுகிற மாதிரி ஏறி, உச்சியில் ஒரு நொடி நிற்கும். கேஸட்டில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். நேரில் கேட்டதும் புத்தி எங்கே போனதோ, எழுந்துவிட்டேன். நோட்டைத் தூக்கிப் பிடித்து, ஆடிக்கொண்டே போய், அவர் கையில் வைத்து, அந்தக் கையையும் பிடித்துக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், ரிஸிகி அங்கே இருக்கிறாள் என்ற நினைப்பே எனக்கு இல்லை. முதுகுக்குப் பின்னால் குலவை வெடித்தபோதுதான் என்ன வரிக்கு எழுந்தேன் என்று உறைத்தது. அடி ஆத்தே! வலை என்னுடையது, சட்டி அவள் தங்கையுடையது, மீன் நீங்கள்.

திரும்பினால் ரிஸிகி எழுந்து நிற்கிறாள். அடுத்த வரிக்குக் காத்திருந்து, என்னைவிடப் பெரிய நோட்டாக எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"வலையைக் கட்டி வைக்கத் தெரியாதவள்
கடலைத் திட்டுவானேன்."

பந்தல் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கூச்சல். கேஸட்டில் நீங்கள் கேட்கப்போவது அதைத்தான். "விடாதடி கோம்போ, இன்னொரு நோட்டு இருக்கா? நான் தர்றேன்!" என்று எனக்குப் பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். இன்னொருத்தி ரிஸிகியின் தோளைப் பிடித்து ஆட்டினாள். அந்த நோட்டை வாங்கக் கையைத் தூக்கியபோது பீபி ஷெம்ஸாவின் கவுன் அக்குளிலிருந்து இடுப்புவரை டர்ரென்று பிரிந்துவிட்டது. இடைவேளை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மணப்பெண்ணின் அம்மா என்னிடம் ஓடிவந்தார். "கோம்போ, முக்காட்டுல எப்பவும் ஊசி குத்திருப்பியே, வா புள்ள சீக்கிரம்" என்று கையைப் பிடித்து இழுத்தார். அப்படித்தான் நான் பீபி ஷெம்ஸாவின் அறைக்குள் போனேன்.

கட்டிலில் உட்கார்ந்து, உப்புப் போட்ட வெந்நீரில் காலை விட்டிருந்தார். பாடும்போது தேன், பேசும்போது மீன்காரி. "ஏய் பாவு, கணவாய்க் கறியெல்லாம் உங்களுக்கு, எனக்கு வெறுஞ்சோறா?" என்று திரைக்கு அந்தப்பக்கம் தாழ்வாரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கத்தினார். பாவு யார் தெரிகிறதா? கானூன் பாவு! எந்த விரல்களை நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேனோ, அந்த விரல்கள் திரைக்கடியில் ஒரு தட்டை நீட்டின. "தின்னுங்க பீபி, தின்னுட்டு இன்னொரு கவுனைக் கிழிங்க" என்றது குரல். வயலின்காரர் சிரித்துப் புரையேறினார். எனக்கு மனசு உடையவில்லை. நம்ம வீட்டு ஆட்களாகவே இருக்கிறார்களே என்று இன்னும் ஆசைதான் வந்தது.

கழற்ற நேரமில்லை, உடம்பிலேயே தைத்துவிடு என்றார். கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டார், நான் தைக்க ஆரம்பித்தேன்.

"அந்த நோட்டு யாருக்கு? முன்வரிசையில சிவப்பு உடுத்தவளுக்குத்தானே?" என்று கேட்டார்.

உங்களுக்குத்தான் பீபி என்றேன்.

"பொய் சொல்லாதடி."

"அல்லாஹ் மேல ஆணை. அந்தச் 'சொல்லடி'க்காகத்தான் எழுந்தேன். வேற ஒண்ணும் நினைக்கல."

அவர் சிரித்தார் பாருங்கள், தைத்ததில் பாதி மறுபடி பிரிந்துவிட்டது. "கேட்டியா பாவு! இத்தனை வருஷத்துல எனக்குன்னே ஒருத்தி நோட்டு கொண்டு வந்திருக்கா! மத்தவளுங்க எல்லாம் பக்கத்து வீட்டுக்காரிய அடிக்க என் வாய எடுத்துக்கிட்டுப் போறாளுக" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கிவிட்டது.

பிறகு என் பக்கம் குனிந்தார். "சரி, எனக்காக வந்தவளுக்கு நான் ஒண்ணு செய்யணுமே. அடுத்த பாதியில அந்த வரிய மூணு தடவ பாடறேன். அவ மூஞ்சியப் பாத்தே பாடறேன். அவ இந்தத் தெருவுல தலையே காட்டமாட்டா. பேர மட்டும் சொல்லு."

பாவு உடனே, "வேணாம் பீபி, போன தடவ இப்படித்தான் நாற்காலி பறந்துச்சு, என் கானூன்ல விழுந்துச்சு" என்றார்.

ஆசை வரவில்லை என்று சொன்னால் நரகத்துக்குத்தான் போவேன். குழாயடியில் நின்றுபோன பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது. ரிஸிகி என்ற பெயர் நுனிநாக்குவரை வந்துவிட்டது. பீபி ஷெம்ஸாவே எனக்காகக் குத்தினால் இந்த ஊரில் அதற்குமேல் அப்பீல் ஏது? ஆனால் எதை வைத்துக் குத்துவது? நடந்தது உண்மையா பொய்யா என்றே எனக்குத் தெரியாதே! அதோடு, நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்ட குரல் அது. அதைக் கொண்டுபோய் இன்னொருத்தி முகத்தில் தேய்க்க எனக்கு மனசு வரவில்லை.

வேண்டாம் பீபி, அந்தச் 'சொல்லடி'யை மட்டும் இங்கே எனக்காக ஒருதரம் பாடுங்கள் என்றேன்.

பாடினார். மெல்ல, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. என் விரல் அவர் விலாவின்மேல் இருந்தது. குரல் ஏறும்போது விலா விரிவதும், உச்சியில் நிற்கும்போது மூச்சு அசையாமல் நிற்பதும் விரலுக்குத் தெரிந்தது. இதைவிடப் பெரிய சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. ரய்யா பிறந்ததை விடுங்கள், அது வேறு கணக்கு.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது கேட்டார்: "அப்ப அவகிட்ட உனக்கு ஒண்ணுமில்லையா?" கேட்கவேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது என்றேன். "போய்க் கேளேன். எல்லாரும் நேராப் போய்க் கேட்டுட்டா எனக்குப் பொழப்பே போயிடும். நீ ஒருத்தி கேட்டா ஒண்ணும் குறையாது" என்று என் கன்னத்தைத் தட்டினார்.

வெளியே வந்து நேராக ரிஸிகியிடம் போனேன். கூட்டம் வழிவிட்டது, அடிதடி பார்க்கும் ஆசைதான். அவளைக் கையைப் பிடித்து முருங்கை மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். நான் எழுந்தது உனக்காக இல்லை, பாட்டுக்காக என்றேன். இனி கேட்பது உன்னைத்தான், உன் தங்கைக்கும் என் வீட்டுக்காரருக்கும் நிக்காஹ் ஆகிவிட்டதா என்று கேட்டேன்.

அவள் சண்டைக்குத் தயாராக இடுப்பில் கைவைத்திருந்தாள். கை தானாகக் கீழே இறங்கியது. "நீ திட்டுவேன்னு நெனச்சேன் கோம்போ. திட்டியிருந்தா பதிலுக்குத் திட்டியிருப்பேன்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். "ஆயிடுச்சு. வாஹிதாவுக்கு இது ஏழாம் மாசம். நீயும் சம்மதிச்சுட்டேன்னு சொல்லித்தான் அவர் நிக்காஹ் பண்ணியிருக்கார். உனக்குத் தெரியவே தெரியாதுன்னு அவளுக்கு அப்புறம்தான் தெரிஞ்சிருக்கு. கடிதத்துக்குக் கடிதம் அழறா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் உன்கிட்ட வருவேன்?" என்றாள்.

நான் அவளைத் திட்டவில்லை. அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். இரண்டு பேரும் திரும்பிப் போய் ஒரே பாயில் உட்கார்ந்து மிச்சக் கச்சேரியைக் கேட்டோம். ஊர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது, பார்க்கட்டும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

இப்போது உங்களிடம். மார்க்கம் உங்களுக்கு இரண்டாவது நிக்காஹை அனுமதித்திருக்கலாம். நான் சொல்லாத சம்மதத்தை என் பெயரில் சொல்ல யார் அனுமதித்தது? என்னைக் கேட்டிருந்தால் கத்தியிருப்பேன், பாத்திரத்தை உடைத்திருப்பேன், உங்கள் அம்மா வீட்டுக்கு ஓடியிருப்பீர்கள். அதற்குப் பயந்தா கடலுக்கு அந்தப்பக்கம் ஒளிந்துகொண்டீர்கள்? எனக்குச் சோற்றுக்கு உங்களிடம் வேலையில்லை. என் ஊசி என்னையும் ரய்யாவையும் காப்பாற்றும். அதனால் பணம் அனுப்பிச் சமாதானம் செய்யவேண்டாம், நாஸரிடம் பதில் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம்.

வாருங்கள். வாஹிதா பயணம் செய்ய முடிந்தால் அவளையும் கூட்டிவாருங்கள். ஏமாந்ததில் அவளும் என் கூட்டுதான். பிள்ளை தன் பெரியம்மா ரிஸிகியின் பக்கத்தில் பிறக்கட்டும். ஆனால் முதலில் தனியாக என் கதவைத் தட்டி, என் முகத்தைப் பார்த்து, நடந்ததை உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் கேட்டுக்கொள்கிறேன். அதன்பிறகு உங்களுக்குப் பிரியாணி போடுவதா, தலாக் கேட்பதா என்பதை நான் முடிவுசெய்வேன். இன்னும் முடிவுசெய்யவில்லை. அதையும் உண்மையாகவே சொல்கிறேன்.

பிறக்கப்போகும் பிள்ளைக்கும் அதைச் சுமப்பவளுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். உங்களுக்கு நாக்கை ஏற்கெனவே கொடுத்திருக்கிறான், அதற்கு வேண்டிய தைரியத்தையும் கொடுக்கட்டும்.

இந்த வெள்ளிக்கிழமைவரை உங்கள் மனைவியாக இருக்கும்,
முவானகோம்போ