மழையில் போட ஒரு பெஞ்ச்

அக்டோபர் 3
பட்டறைக்கு ஒரு பெண் வந்தாள். தோட்டத்தில் போட பெஞ்ச் வேண்டுமாம். முகவரி கொடுத்தாள். இரண்டு தடவை படித்தேன். நான் குடித்தனம் பண்ணிய வீடு! இவள்தானா என் முன்னாள் புருஷனுடைய புதுப் பெண்டாட்டி? நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.
"எந்தப் பூச்சு நல்லதோ அதையே போடுங்கக்கா. உங்களுக்குத் தெரியாததா?" என்றாள்.

அக்டோபர் 4
மனசு ஆறவில்லை. கொட்டுகிற மழையில் என் உளி, இழைப்புளி எல்லாவற்றையும் வாசலில் வீசி, "பொம்பளைக்கு எதுக்குடி தச்சு வேலை?"ன்னு கத்தினவன். துருவைத் தேய்த்தெடுக்க நான் பட்ட பாடு! அவன் சாய்ந்து உட்கார நான் பெஞ்ச் செய்யணுமா?
செய்றேன். செய்யாம விடுவேனா!

அக்டோபர் 11
மரவேலை முடிந்தது. எண்ணெய், வார்னிஷ் இரண்டு டின்களையும் எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியில் கிடக்கும் மரத்துக்கு எண்ணெய்தான் சரி. மரத்துக்குள் இறங்கும், மங்கலாக இருக்கும், வெயில் மழை தாங்கும். வீட்டுக்குள் போடும் சாமானுக்கான வார்னிஷோ கண்ணாடியாய் மின்னும். ஆனால் நாலு வெயில் பட்டால் வெடிக்கும். வெடிப்பில் தண்ணீர் இறங்கி, வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துத் தோல் உரியும்.
வார்னிஷைத் திறந்தேன்.

அக்டோபர் 14
மூன்றாவது பூச்சும் காய்ந்துவிட்டது. முகம் பார்க்கலாம் போல இருக்கிறது. ஏற்றிப்போக வந்த வண்டிக்காரர், "இதையாம்மா வெளியில போடப்போறாங்க?" என்றார். "நீங்க ஏத்துங்க" என்றேன்.

நவம்பர் 2
மழை! கொட்டு. நல்லாக் கொட்டு.

நவம்பர் 9
இன்னும் விடவில்லை. இந்நேரம் உரிந்திருக்கும். அவன் மூஞ்சியைப் பார்க்க முடியவில்லையே என்பதுதான் குறை.

நவம்பர் 16
அவளே வந்தாள். சண்டைக்குத்தான் என்று நினைத்து இடுப்பில் கை வைத்து நின்றேன்.
"அக்கா, அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் மழையில போட மனசே வரல. ஹால்ல போட்டுட்டோம். வர்றவங்க எல்லாம் யார் செஞ்சதுன்னு கேக்குறாங்க. அவர் அதுல படுத்துக்கிட்டுத்தான் டிவியே பார்க்கிறார்."
அடப்பாவி! வீட்டுக்குள் போடுகிற வார்னிஷ் வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. இனி எத்தனை வருஷமானாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. நானே, என் கையாலேயே...
தோட்டத்துக்கு இன்னொன்று வேண்டுமாம்.

நவம்பர் 25
அனுப்பிவிட்டேன். இந்த முறை எண்ணெய்தான். அக்கா அக்கா என்கிறாள், அவள் என்ன பாவம் பண்ணினாள்?
கால் ஒன்றை மட்டும் துளி குட்டையாக அறுத்திருக்கிறேன். இடது ஓரம். எங்கே போனாலும் அவன் அந்த ஓரத்தைத்தான் பிடிப்பான். காப்பியோடு உட்காரும்போதெல்லாம் ஆடும்.