தீர்மானப் புத்தகத்தில் இல்லாத வரி

10.12.1995
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகன் சகாயத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த அரபு நாட்டில் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். உடம்புக்கு என்று மட்டும் எழுதியதைக் கவனித்திருப்பாய். உன் தங்கை பெல்சிக்கு இது ஏழாம் மாதம், கால் வீக்கம் குறைந்திருக்கிறது, தை பிறந்ததும் பிரசவத்துக்கு இங்கே கூட்டிவரப் போகிறோம். அப்பா இந்த வருடம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டவில்லை. மூங்கில் குச்சிகளை எடுத்துத் துடைத்தார். பிறகு மறுபடியும் பரணில் போட்டுவிட்டார். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். உன் அறையில் அடுத்த கட்டிலில் படுக்கிற சரவணக்குமார், தன் அப்பா சுந்தரம் இறந்த சேதி வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும், 'எங்கப்பா சரின்னு சொன்ன சுவருலதானடா ஒரு உசுரு போச்சு' என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான் என்றும், அது நிஜமா என்றும் கேட்டிருக்கிறாய். நிஜம் இல்லை. நிஜம் போல அதை எழுதி வைத்தது நான்தான். ஐந்து நாளாகப் பேனாவை எடுப்பதும் மூடுவதுமாக இருந்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

நகராட்சிக்குத் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். போன வருடம் அவர் ஊர்க்காரர்கள் ஏழு பேரை வைத்து ஓர் ஆலோசனைக் குழு போட்டார். அரிசி மில் பெரியகருப்பன் தலைவர். பெண்கள் பக்கம் ஒருத்தி வேண்டும் என்று என்னைச் சேர்த்தார்கள். கட்டட வேலை தெரிந்த ஒருவர் வேண்டும் என்று சுந்தரம் கொத்தனாரைச் சேர்த்தார்கள். சம்பளம் கிடையாது. மாதக் கடைசிச் சனிக்கிழமை மாடி அறையில் கூட்டம், டீ, ஓமப்பொடி. போனவுடன் தீர்மானப் புத்தகத்தில் பக்கத்தின் அடியில் வருகைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். மேலே வெற்றிடம் இருக்கும். கூட்டம் முடிந்தபின் அதில் நான் தீர்மானத்தை எழுதுவேன். டீச்சர் எழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று எனக்குக் கொடுத்த வேலை அது. எனக்கு அதில் பெருமை இருந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது.

இந்த வருடம் ஜனவரிக் கூட்டத்தில் ஊருணிக்குச் சுற்றுச்சுவர் வேண்டும் என்று சொன்னது நான். ஆடு இறங்குகிறது, குப்பை கொட்டுகிறார்கள், அந்தத் தண்ணீரைத்தான் நம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கும் எடுக்கிறார்கள். எல்லோரும் சரி என்றார்கள். சுந்தரம் மட்டும் எழுந்தார். மூன்று பக்கம் கட்டுங்கள், மழைத்தண்ணீர் வாய்க்கால் வந்து சேருகிற மேற்கே வேண்டாம் என்றார். 'வரத்துக்கால் வாயில சுவர வச்சா ஐப்பசித் தண்ணி எங்குட்டுப் போகும்? சுவரத் தள்ளிக்கிட்டுத்தேன் போகும். அடியில பூராம் வண்டல், பிடிமானம் கிடையாது' என்றார். கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றுக்குக் காரை பூசிக்கொண்டிருந்தார், ஆட்கள் காத்திருப்பார்கள் என்று டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். நான் பேனாவைத் திறந்தேன். பெரியகருப்பன், 'ஏகமனதாகன்னே போட்டுருங்க டீச்சர், ஒருத்தர் மறுத்தாருன்னு எழுதுனா மேலேருந்து திருப்பி அனுப்பிருவாக, மார்ச்சு தாண்டிருச்சுன்னா சுவரும் இல்ல ஒண்ணும் இல்ல' என்றார். எப்போதும் அப்படித்தான் போடுவோம். யார் என்ன பேசினாலும் கடைசி வரி அதுதான். கடிதத்தின் அடியில் இப்படிக்கு என்று எழுதுகிற மாதிரி. எழுதினேன். கீழே சுந்தரத்தின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

அடுத்த மாதம், வழக்கப்படி, போன கூட்டத்தின் தீர்மானத்தை வாசித்தேன். அந்த வரியைக் கொஞ்சம் வேகமாக வாசித்தேன். சுந்தரம் சிரித்தார். 'அம்புட்டுக் கத்துனேன், எனக்கு ஒரு வரிகூட ஒதுக்கலையே டீச்சர்' என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், சகாயம். அப்போது மார்ச் கூட வரவில்லை. ஒரு செங்கல் கூட வைக்கவில்லை. பக்க ஓரத்தில் ஒரு வரி எழுத இடம் இருந்தது.

சுவர் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளை அடித்திருந்தார்கள். காலையில் பள்ளிக்கூடம் போகும்போது அதை ஒட்டித்தான் நடப்பேன். இந்த வருடம் தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், இரண்டு நாள் மழை விட்ட காலை, மேற்குச் சுவர் விழுந்தது. மலையம்மாள் அந்தப் பக்கம் குடத்தோடு வந்திருக்கிறாள். சத்துணவுக்கு உலை வைக்கத் தண்ணீர். நீ ஐந்தாவது படித்தபோது தன் வீட்டுக் கோழி முட்டையை உன் சோற்றுக்கு அடியில் ஒளித்துவைத்துக் கொடுப்பாளே, அதே மலையம்மாள். குடம் நசுங்காமல் கிடந்தது. அதை மட்டும் எழுதுகிறேன். மற்றதை எழுத முடியவில்லை.

பத்து நாள் கழித்து விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சுவர் கட்டிய காண்டிராக்டர், கொடுத்த அளவுக்குக் கட்டினேன் என்று சொல்லிவிட்டார். குழுவில் கட்டடம் தெரிந்தவர் யார் என்று அதிகாரி கேட்டார். எல்லோரும் சுந்தரத்தைப் பார்த்தார்கள். 'நான் வேணாம்னுதாங்கய்யா சொன்னேன்' என்றார் அவர். அதிகாரி புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். ஏகமனதாக. கீழே அவர் கையெழுத்து. சுந்தரம் அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பேசியிருக்க வேண்டும். அரசாங்கப் புத்தகத்தில் நடக்காததை எழுதினேன் என்று ஒரு வாக்கியம். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளின் கட்டுரைகளில் தப்பைத் தேடிச் சுழித்த கை மடியில் கிடந்தது. பெரியகருப்பன் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுந்தரம்தான் பேசினார். 'டீச்சர் எழுதியிருக்காகன்னா சரியாத்தேன் இருக்கும்' என்றார். கேலி இல்லை, கோபம் இல்லை. என்னைக் காப்பாற்றுகிற குரலில் சொன்னார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் மலையம்மாள் மகள் கருப்பி அவர் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். 'எங்காத்தாள முழுங்குன வீடு வெளங்குமா' என்று கேட்டாள். தெருவே பார்த்தது. என் வாசலில் விழ வேண்டிய மண். அதற்குப் பிறகு அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் லீவு கிடைக்காமல் அங்கே இருந்தீர்கள். கொள்ளி வைத்தது அவர் தம்பி மகன்.

பதினாறு முடிந்து சுந்தரத்தின் மனைவி காளியம்மாளைப் பார்க்கப் போனேன். அவள் காலில் விழுந்துவிட வேண்டும் என்றுதான் போனேன். பாதி சொல்லும்போதே கையைப் பிடித்துக்கொண்டாள். 'தெரியும் டீச்சர். அன்னைக்கே அவுக சொன்னாக. டீச்சருட்டப் போயி ஒண்ணும் கேட்டுறாத, அவுக பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்றவுக, தலைகுனிஞ்சு நிக்கக் கூடாதுன்னாக' என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, 'எம் மகன்ட்ட மட்டும் சொல்லிருங்க டீச்சர், நாஞ் சொன்னா புருசனுக்குப் பரிஞ்சு பேசுறேன்னு நெனப்பான்' என்றாள். காப்பி கொடுத்தாள். குடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

நடந்ததை எழுதி நகராட்சியில் மனுவாகக் கொடுத்துவிட்டேன். குழுவிலிருந்து விலகிவிட்டேன். முடிந்த புத்தகத்தில் திருத்த முடியாது என்கிறார்கள். 'செத்தவருக்கு எதுக்குங்க டீச்சர் தீர்மானம்' என்று பெரியகருப்பன் கேட்டார். நேற்றுப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் பாவமன்னிப்புக் கொடுத்தார். அது எனக்குக் கிடைத்தது. சுந்தரத்துக்கு என்ன கிடைத்தது. இன்று சாயங்காலம் கருப்பி வீட்டுக்குப் போகிறேன். அப்பா கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

இந்தக் கடிதத்தைச் சரவணக்குமார் கையில் கொடு. நீ வாசித்துக் காட்டாதே, நடுவில் விளக்கம் சொல்லாதே, எனக்காகப் பேசாதே. அவன் படிக்கும்போது பக்கத்தில் மட்டும் இரு. என்னைத் திட்டினால் கேட்டுக்கொள். அறையை மாற்றிக்கொண்டு போகிறேன் என்றால் பெட்டியைத் தூக்கிக் கொடு. ஆனால் அவனைச் சாப்பிட வை. குளிரில் ஏசியைக் கூட்டி வைத்துக்கொண்டு தூங்காதீர்கள், இரண்டு பேருக்கும் சளி பிடிக்கும். கிறிஸ்துமஸ் பூசைக்கு அங்கே வழி இருந்தால் போ. மாதாவின் காவல் உன்மேல் இருக்கட்டும். அவன்மேலும் இருக்கட்டும்.

ஜனவரி மாதம் எழுதாத வரியை இங்கே எழுதுகிறேன்: மேற்குப் பக்கம் சுவர் வேண்டாம், வரத்துக்கால் தண்ணீர் அதைத் தள்ளிவிடும் என்று உறுப்பினர் திரு. சுந்தரம் மறுப்புத் தெரிவித்தார்.

இதற்கு மேலே காலி இடம் இல்லை. எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் அம்மா,
அருளம்மாள்