கழுத்துக்குப் பவுடர்

மச்சான்,

இன்று லா சப்பல் தமிழ்க்கடை ஒன்றில் ஒரு பவுடர்ப் பேணி வாங்கினேன். "பிள்ளைக்கோ அண்ணை?" என்று கடைக்காரர் கேட்டார். "இல்லை, கழுத்துக்கு" என்றேன். அவர் என் கழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பையில் போட்டுத் தந்தார். வெளியே வந்து மூடியைத் திறந்து மணந்தேன். நீ என்னோடு மெட்ரோப் படியேறி வருவது போல இருந்தது.

நோர்மண்டிக் கடலில் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் இருந்து மீன் பிடிப்போம் என்று நீ தொடங்கியபோது என் மனைவி ஒரேயடியாக மறித்தாள். "அந்தத் தண்ணிக்கை விழுந்தால் விறைச்சுப் போவியள்." நீ நெஞ்சில் கை வைத்தாய். "தங்கச்சி, உன்ரை மனுசனை நான் திருப்பிக் கொண்டந்து தருவன்." அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் உடுப்பு வாங்கப் போனோம்.

வேலைக்குப் போடும் குளிர் ஜாக்கெட் போதும் என்று நான் நினைத்திருந்தேன். ஏப்ரல் வெயிலும் இருக்கிறதே. "வெயிலைப் பாத்து உடுக்காதை, தண்ணியைப் பாத்து உடு" என்றாய். தண்ணீர் புகாத முழு உடுப்பு, உள்ளே மெல்லிய கம்பளி, மேலே லைஃப் ஜாக்கெட், அதில் ஒரு விசில். அழுக்குத் தெரியாது என்று நான் கருநீலம் எடுத்தேன். "அழுக்குத் தெரியாட்டில் கடலுக்கை விழுந்தால் நீயும் தெரியமாட்டாய்" என்று பறித்து, செம்மஞ்சளைக் கையில் திணித்தாய். கடைக்காரப் பெண் மொழி தெரியாமலே எங்கள் சண்டையை ரசித்தாள்.

இவ்வளவு தெரிந்த நீ பார்த்த வேலையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. தண்ணீர் புகாதபடி கழுத்தை இறுக்கிப் பிடிக்கும் உடுப்பின் ரப்பர்ப் பட்டிக்குள் உன் பெரிய தலை போக மறுத்தது. பவுடர் தடவுங்கள் என்று அந்தப் பெண் சொல்லித்தான் விட்டாள். உனக்கோ தலை என்றாலே தேங்காய் எண்ணெய்தான். போட்டுப் பார்த்த போதெல்லாம் தாராளமாகப் பூசினாய்.

கடலுக்குப் போகுமுன் ஒத்திகை வேண்டும் என்று அடம்பிடித்தவனும் நீதான். நீ வேலை செய்த மீன்கடைப் பனிக்கட்டியை ரயிலில் எங்கள் சார்செல் வீடுவரை சுமந்து வந்து, எங்கள் குளியல் தொட்டியில் கொட்டினாய். உடுப்பைப் போட்டுக்கொண்டு ராசா மாதிரி இறங்கிச் சாய்ந்தாய். பிறகு நீ போட்ட கத்தலில் மேல்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். எண்ணெய் ஊறி இளகிய ரப்பர் கிழிந்து, ஐஸ் தண்ணீர் கழுத்திலிருந்து கால்வரை இறங்கியிருந்தது. நான் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே இருந்துவிட்டேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்து நீயும் அடங்கினாய். "நல்ல காலம் தங்கச்சி, கடல் இஞ்சை பாத்ரூமுக்கை வந்தது" என்றாய், பல் கிடுகிடுக்க.

ரப்பரை மாற்றினோம். பவுடருக்கும் மாறினோம். நாள் முழுக்க மீன் விற்கும் நீ, கடலில் பிடித்த முதல் சின்ன மீனைக் கைக்குழந்தை போலத் தூக்கிக் காட்டினாய். எத்தனை சந்தோசமான வசந்தங்கள் மச்சான்! ஒவ்வொரு முறையும் வாசலில் என்னை முன்னே தள்ளி, "இந்தா உன்ரை மனுசன், ஒரு துளி ஈரமில்லை" என்பாய்.

போன பனிக்காலத்தில் நீ நித்திரையிலேயே போய்விட்டாய். எந்த உடுப்பும் காக்காத இடம் அது. நீயில்லாத கடல் எனக்கு வேண்டாம், கயாக்கை விற்றுவிடுவோம் என்றேன். விடவில்லை என் மனைவி. நீச்சல் பழகினாள், தனக்கும் ஒரு செம்மஞ்சள் உடுப்பு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் கடலுக்குப் போகிறோம்.

இன்று பின்னேரம் உன் பழைய மீன்கடையில் பனிக்கட்டி வாங்கினோம். பவுடர் பூசி, விசிலும் கையுமாக அவள் தொட்டிக்குள் இறங்கினாள். நான் துவாயோடு பக்கத்தில் நின்றேன். நெடுநேரம் கழித்து எழுந்து, உடுப்பைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த கம்பளியை என் கன்னத்தில் வைத்துக் காட்டினாள். காய்ந்திருந்தது.

"அண்ணைக்கு எழுதுங்கோ" என்றாள். "இவரை இனி நான் திருப்பிக் கொண்டருவன் எண்டு."